நதிநீர்ப் பாக்கியை வசூலிப்பது எப்படி?

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால் என்ன செய்யவேண்டும் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். நோட்டீஸ் அனுப்பலாம், மத்தியஸ்தத்துக்கு விடலாம், தீர்ப்புப் பெற்று ஜப்திக்கும் போகலாம். ஆனால் ஒரு நாடு தன் அண்டை நாட்டுக்கு இவ்வளவு தண்ணீர் விடுவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, பின்னர் விடாமற்போனால் என்ன செய்வது? இரு சுதந்திர நாடுகளுக்கும் மேலாக ஒரு சர்க்கார் இல்லை. ஜப்தி செய்ய அமீனாவும் இல்லை. அப்படியிருந்தும் பல நதிநீர் உடன்படிக்கைகள் நெடுங்காலமாக நிறைவேறி வருகின்றன. அவை எதன் வலிமையால் நிறைவேறுகின்றன, எந்த இடத்தில் இடறுகின்றன என்பதை ஓர் உடன்படிக்கையைக் கொண்டு விளக்க முற்படுவோம். அமெரிக்க ஐக்கிய நாடும் மெக்ஸிகோவும் 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி வாஷிங்டனில் செய்துகொண்ட உடன்படிக்கை அது. பருத்தியும் கரும்பும் பயிரிடுவோர் பலரின் வாழ்வு அதனோடு பிணைந்திருப்பதால், தொலைதூரத்து விஷயமாயினும் நமக்குப் புறம்பான விஷயமன்று.

இரு நாடுகளுக்கும் பொதுவாக இரண்டு பெரிய ஆறுகள் உள்ளன. மேற்கே உள்ள கொலராடோ ஆறு அமெரிக்க மலைகளில் பிறந்து, அந்நாட்டின் ஏழு மாநிலங்களுக்கு உதவிவிட்டு, கடைசியில் மெக்ஸிகோவின் மெக்ஸிகாலி சமவெளியை அடைகிறது. கிழக்கே உள்ள ஆற்றை அமெரிக்கர் ரியோ கிராண்டே என்றும், மெக்ஸிகர் ரியோ பிராவோ என்றும் அழைக்கின்றனர். அதுவும் அமெரிக்காவில் பிறப்பதே. ஆயினும் எல்லையை எட்டியதும் அதன் நீர் பெரும்பாலும் பாசனத்தில் தீர்ந்துவிடுகிறது. எல்லையோரமாக ஓடும் கீழ்ப்பகுதிக்கு மறுபடியும் உயிரூட்டுவது, மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்திலிருந்து வந்து கலக்கும் கோன்சோஸ் என்னும் உபநதியாகும். ஆகவே ஓர் ஆற்றில் அமெரிக்கா தலைமடை, மெக்ஸிகோ கடைமடை. மற்றோர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மெக்ஸிகோ தலைமடை, அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம் கடைமடை. இந்த அமைப்பே உடன்படிக்கையின் அஸ்திவாரம்.

அதற்கு முன் அமெரிக்கா வேறு நியாயம் பேசியது. ரியோ கிராண்டேயின் மேற்பகுதியில் அமெரிக்க விவசாயிகள் நீரை எடுத்துக்கொண்டதால், எல்லைக்கு அப்பாலிருந்த ஹுவாரெஸ் நகரத்து வயல்கள் வறண்டன, மெக்ஸிகோ முறையிட்டது. 1895-இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன், தன் எல்லைக்குள் ஓடும் நீரைத் தன் விருப்பப்படி பயன்படுத்த ஒரு நாட்டுக்குப் பூரண உரிமை உண்டு, அண்டை நாட்டுக்குக் கடமைப்பட வேண்டியதில்லை என்று அபிப்பிராயம் கூறினார். தலைமடைக்காரர் பேச்சு எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும் போலும். எனினும் 1906-இல் தனியான ஓர் ஒப்பந்தத்தின்மூலம் ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி நீரை ஹுவாரெஸ் பகுதிக்குத் தர அமெரிக்கா இசைந்தது. பூரண உரிமைக் கொள்கையை விடாப்பிடியாகப் பிடித்தால், கோன்சோஸ் நீரைப்பற்றி மெக்ஸிகோவும் அதையே திருப்பிச் சொல்லலாமல்லவா?

ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர். அதாவது 43,560 கன அடி. 1944 உடன்படிக்கையின்படி கொலராடோவிலிருந்து ஆண்டுதோறும் 15,00,000 ஏக்கர்-அடி நீரை அமெரிக்கா மெக்ஸிகோவுக்கு விடவேண்டும். நம் நாட்டு டி.எம்.சி. கணக்கில் இது ஏறக்குறைய 65. மறுபுறம், கோன்சோஸ் முதலிய ஆறு மெக்ஸிக உபநதிகளிலிருந்து ரியோ கிராண்டேயை வந்தடையும் நீரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவைச் சேரும். அந்தப் பங்கு, ஐந்தாண்டுச் சராசரியில், ஆண்டுக்கு 3,50,000 ஏக்கர்-அடிக்குக் குறையலாகாது. ஐந்தாண்டுக்கு 17,50,000 ஏக்கர்-அடி. சுமார் 76 டி.எம்.சி.

வறட்சிக்கான ஷரத்துக்களை இங்கே ஊன்றிப் பார்க்கவேண்டும். பிற்காலத் தகராறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொலராடோவில் கடும் வறட்சி நேர்ந்தால், அமெரிக்கப் பயனாளிகளுக்கு எவ்விகிதத்தில் நீர் குறைகிறதோ அவ்விகிதத்தில் மெக்ஸிகோவின் பங்கும் குறையும். குறைந்தது குறைந்ததே, பாக்கி என்ற பேச்சு இல்லை. ரியோ கிராண்டேயிலோ வேறு முறை. கடும் வறட்சியால் ஐந்தாண்டு முடிவில் குறைவு நேர்ந்தால், அதை அடுத்த ஐந்தாண்டில் ஈடுசெய்யவேண்டும். ஒன்று நஷ்டத்தைப் பங்கிடும் முறை. மற்றொன்று கடன் முறை. கடும் வறட்சி என்பது எவ்வளவு மழை குறைந்தால் என்று உடன்படிக்கை எங்கும் வரையறுக்கவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்ற கட்டாயத் தவணையும் அதன் வாசகத்தில் இல்லை; ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையே கணக்கு. மேலும் ஒரு விசித்திரமான சலுகை உண்டு. எல்லையிலுள்ள இரு பெரிய நீர்த்தேக்கங்களில் அமெரிக்காவுக்கு உரிய கொள்ளளவு முழுவதும் அந்நாட்டு நீரால் நிரம்பிவிட்டால், அன்றோடு அந்த ஐந்தாண்டு முடிந்ததாகக் கருதப்படும்; பாக்கியும் தீர்ந்ததாகும். ஒரு பெருமழை கடனைத் துடைத்துவிடக்கூடும். அப்படியொரு மழையை எதிர்பார்த்து நாளைக் கடத்தும் ஆசையை இந்த ஷரத்து உண்டாக்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு சர்வதேச எல்லை மற்றும் நீர்க் கமிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1889-இல் எல்லைக் கமிஷனாகத் தோன்றிய இந்த ஸ்தாபனம் 1944 உடன்படிக்கையால் விரிவாக்கப்பட்டது. அமெரிக்கப் பிரிவு எல் பாஸோ நகரிலும், மெக்ஸிகப் பிரிவு ஆற்றுக்கு அக்கரையில் ஹுவாரெஸ் நகரிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவின் தலைவரும் இன்ஜினீயராக இருக்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. வக்கீல்களையும் அரசியல்வாதிகளையும் விலக்கி, அளக்கத் தெரிந்தவரை உட்காரவைத்தது நல்ல யோசனையே. கமிஷன் எடுக்கும் முடிவுகளுக்கு மினிட் என்று பெயர். நம் சங்கங்களின் மினிட் புத்தகத்தைப் போலவே இவையும் வரிசை எண்ணிட்டு எழுதப்படுகின்றன. ஒரு மினிட்டைப்பற்றி முப்பது நாட்களுக்குள் ஒரு சர்க்கார் தன் கருத்தைத் தெரிவிக்காவிட்டால், அது அங்கீகரித்ததாகவே கொள்ளப்படும். உடன்படிக்கையைத் திருத்தாமலே, காலத்துக்கேற்ற ஏற்பாடுகளைச் சேர்த்துக்கொண்டே போவதற்கு இது வழி வகுத்தது. கமிஷனர்கள் இருவரும் ஒத்துவராவிட்டால் விஷயம் இரு சர்க்கார்களின் ராஜதந்திரப் பேச்சுக்குப் போகும். கட்டாயமாகப் போயே தீரவேண்டிய நீதிமன்றம் என ஒன்று இல்லை.

ரியோ கிராண்டேயில் இரு நாடுகளும் சேர்ந்து இரண்டு அணைகளைக் கட்டின. 1953-இல் பால்கன் அணையை அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரும் மெக்ஸிக ஜனாதிபதி ரூயிஸ் கோர்ட்டினெஸும் திறந்துவைத்தனர். மேலே உள்ள அமிஸ்டாட் அணை 1969-இல் திறக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு நட்பு என்று பொருள். ஒரே தேக்கத்தில் இரு நாட்டு நீரும் கலந்து நிற்கிறது. உபநதிகளின் முகத்துவாரங்களில் அளவு எடுத்து, ஆவியாகிப் போனதையும் கழித்து, இந்த நீரில் உமக்கு இவ்வளவு, எமக்கு இவ்வளவு என்று கமிஷன் பற்று வரவு எழுதுகிறது. எத்தனையோ சச்சரவுகளுக்கு இடையிலும் இந்தக் கணக்குப் புத்தகத்தை இரு தரப்பாரும் மதித்தே வந்திருக்கின்றனர். பாக்கி எவ்வளவு என்பதில் பெரிய சண்டை இல்லை. அதை எப்போது, எந்த நீரைக்கொண்டு தீர்ப்பது என்பதில்தான் சண்டை. கணக்கில் ஒருமைப்பாடு இல்லாத இடத்தில் உடன்படிக்கையைப்பற்றிப் பேசுவதே வீண் என்பதால், இதனைச் சிறு வெற்றியாக எண்ணலாகாது.

முதற் சோதனை கொலராடோவில் வந்தது. அப்போது குற்றஞ்சாட்டப்பட்டது அமெரிக்கா. அரிஸோனா மாநிலத்து வெல்டன்-மொஹாக் பாசனப் பகுதியில் நிலத்தடி நீர் உயர்ந்து பயிர்வேர்களை அழுக்கிற்று. அதைக் கிணறுகளால் இறைத்து வடிகால்மூலம் 1961 முதல் ஆற்றில் விட்டனர். அந்த நீர் மிகுந்த உப்பு நீர். அது சேர்ந்த இடமோ மெக்ஸிகோவின் மதகுக்குச் சற்று மேலே. பத்து லட்சம் பங்கு நீரில் ஏறக்குறைய 800 பங்காக இருந்த உப்பு, ஓராண்டுச் சராசரியில் 1,500 அளவுக்கு ஏறியது. மெக்ஸிகாலி சமவெளி அக்காலத்தில் பருத்திக்குப் பெயர் பெற்றது. பருத்தி ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர்தான்; ஆனாலும் நிலத்தில் தங்கும் உப்பைக் கழுவி இறக்க மேலும் மேலும் நீர் பாய்ச்சவேண்டும். ஆகவே அளவில் குறையாத நீரும் பயனில் குறைந்த நீராயிற்று. வயல்கள் பொரிந்தன, விவசாயிகள் ஊர்வலம் சென்றனர்.

அமெரிக்கா சொன்ன பதில் யாதெனில், உடன்படிக்கையில் அளவு மட்டுமே கூறப்பட்டுள்ளது, தரத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, எந்த மூலத்திலிருந்து வரும் நீரும் கணக்கில் சேரும் என்பதாம். எழுத்தளவில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. படி அளக்கும்போது நெல்லோடு பதரையும் சேர்த்து அளந்துவிட்டு, எண்ணிக்கை சரிதானே என்பது போன்ற நியாயம் அது. இதற்குத் தீர்வு ஒரே நாளில் வரவில்லை. 1965-இல் ஒரு மினிட்டின்படி, வடிகால் நீரை மெக்ஸிகோவின் மதகுக்குக் கீழே கொண்டுபோய்விடத் தனி வாய்க்கால் வெட்டினர். 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன், முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனல் என்பவரைத் தனிப் பிரதிநிதியாக நியமித்தார். 1973 ஆகஸ்டு 30-இல் கையெழுத்தான 242-ஆவது மினிட், அமெரிக்கர் தம் இம்பீரியல் அணையில் எடுக்கும் நீரைவிட, மெக்ஸிகோவுக்கு வரும் நீரில் உப்பு சராசரியாக 115 பங்குக்குமேல் மிகக்கூடாது, அதில் 30 பங்கு கூடுதல் குறைவு இருக்கலாம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பைக் காப்பதற்காகவே யூமா நகரில் ஏறக்குறைய 25 கோடி டாலர் செலவில் உப்பகற்றும் ஆலை ஒன்றை எழுப்பி 1992-இல் முடித்தனர். அந்த ஆலை பெரும்பாலும் ஓடாமலே கிடந்தது என்பது வேறு கதை. உப்பு நீரைத் தனி வாய்க்காலில் தள்ளிவிடுவதே மலிவாயிருந்தது. தள்ளிய நீர் மெக்ஸிகக் கடலோரத்தில் பறவைகள் தங்கும் பெரிய சதுப்பு நிலமாகிவிட்டது.

வலுவுள்ள நாடு ஏன் இறங்கி வந்தது? தண்டிக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. ஆனால் குறை எண்ணிக்கையாக அளக்கப்பட்டது. அதை இல்லையென்று மறுக்க முடியவில்லை. உடன்படிக்கையில் விடுபட்டதை ஒரு மினிட்டால் சேர்க்க முடிந்தது. செலவை அமெரிக்கக் கஜானா ஏற்றுக்கொண்டதால், அரிஸோனா விவசாயியின் நிலத்தைத் தரிசாக்காமலே மெக்ஸிகாலி விவசாயிக்கு நியாயம் கிடைத்தது. இந்த மூன்றாவது காரணமே முக்கியமானது என்பது என் கருத்து. அதன்பின் அந்த ஆற்றில் உறவு மேலும் சீர்பட்டது. 2010 ஏப்ரலில் நிலநடுக்கத்தால் மெக்ஸிகாலி வாய்க்கால்கள் சிதைந்தபோது, மெக்ஸிகோ தன் பங்கு நீரை அமெரிக்காவின் மீட் ஏரியில் சேமித்துவைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ள 318-ஆவது மினிட் அனுமதித்தது. 2017-இல் கையெழுத்தான 323-ஆவது மினிட்டில் பற்றாக்குறையைப் பங்கிடும் அட்டவணை முன்கூட்டியே எழுதப்பட்டது. 2022-இல் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றோடு மெக்ஸிகோவும் குறைத்தே பெற்றுக்கொண்டது.

ரியோ கிராண்டேயின் கதை இவ்வாறு செல்லவில்லை. 1992 முதல் 1997 வரையிலான ஐந்தாண்டு முடிவில் மெக்ஸிகோ வைத்த பாக்கி 10,24,000 ஏக்கர்-அடி. அடுத்த ஐந்தாண்டிலும் வறட்சி நீடித்தது. டெக்ஸஸ் விவசாயிகளும் பாசனச் சங்கங்களும் பொறுமையிழந்து, வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் மெக்ஸிகோமீது ஐம்பது கோடி டாலருக்குமேல் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். 2007-இல் நடுவர் மன்றம் அதைத் தள்ளிவிட்டது. உங்கள் நிலமும் முதலீடும் டெக்ஸஸில் உள்ளன. மெக்ஸிகோவில் முதலீடு செய்தோருக்கே இந்த ஒப்பந்தத்தில் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். உடன்படிக்கை சர்க்கார்களுக்கிடையே ஆனது. அதன் பலனை நம்பி விதைத்த குடியானவன் அதைக் கையில் பிடித்து வாசலேற முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று. பாக்கியோ, வழக்கு முடிவதற்கு முன்பே, மழை திரும்பியபின் 2005-இல் தீர்க்கப்பட்டிருந்தது.

மெக்ஸிகப் பக்கத்திலும் குடியானவன் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். சிவாவா மாநிலத்தின் டெலிஸியாஸ் பகுதியில் பிகான் என்னும் கொட்டை மரத்தோப்புகளும், குதிரை மசால், மிளகாய், வெங்காயம் முதலியனவும் கோன்சோஸ் நீரால் விளைகின்றன. தோப்பு வைத்தவன் வறட்சியாண்டில் நிலத்தைச் சும்மா போட முடியாது, மரம் பட்டுப்போகும். கொலராடோவில் மெக்ஸிகோ பெறும் 65 டி.எம்.சி. நீரில் ஒரு துளியும் அவனுக்கு வருவதில்லை. அது நெடுந்தொலைவிலும் வேறு மாநிலத்திலும் உள்ள மெக்ஸிகாலி விவசாயிக்கும் திஹுவானா நகரத்துக்கும் போகிறது. வரவு ஒருவர் பேரில். பற்று மற்றொருவர் பேரில். இதனால்தான் 1944-இல் எழுதிய கொடுக்கல் வாங்கல் காகிதத்தில் சமனாயிருந்தும் வயலில் சமனாகவில்லை.

இது 2020-இல் வெடித்தது. அதற்கு முந்தைய சுழற்சி 2015-இல் பாக்கியுடன் முடிந்திருந்ததால், மறுபடியும் பாக்கி வைக்க இயலாத நிலை. கெடு அக்டோபர் 24. 1916-இல் முடிந்த பழைய அணையான லா போக்கியாவில் நீரைத் திறக்க மெக்ஸிகச் சர்க்கார் தேசியக் காவற்படையை அனுப்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி விவசாயிகள் திரண்டு வந்து படையினரை வெளியேற்றி அணையைக் கைப்பற்றினர். அன்றிரவு படையினர் சுட்டதில் ஒரு பெண் இறந்தார். அக்டோபரில், கெடுவுக்குச் சில நாட்களே இருக்கையில், 325-ஆவது மினிட் கையெழுத்தாயிற்று. எல்லைத் தேக்கங்களில் மெக்ஸிகோவின் பேரில் இருந்த நீரை அமெரிக்காவின் பேருக்கு மாற்றி எழுதி உடன்படிக்கையைக் காப்பாற்றினர். மதகைத் திறக்க முடியாதபோது பேரேட்டில் ஒரு வரியை மாற்றியதே போதுமானதாயிற்று. ஆனால் அப்படி மாற்றிக் கொடுத்த நீர், கீழ்ப்பகுதியில் உள்ள மெக்ஸிக நகரங்களும் வயல்களும் நம்பியிருந்த இருப்பாகும்.

டெக்ஸஸ் பக்கத்து நஷ்டமும் சிறிதன்று. அங்கே தேக்கத்து நீரில் நகரங்களுக்கே முதலிடம், எஞ்சியதே பாசனத்துக்கு. ஸான்டா ரோஸா என்னும் ஊரில் கரும்பு விவசாயிகள் தாமே பங்குதாரர்களாக நடத்திய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 1973 முதல் இயங்கி வந்தது. அந்த மாநிலத்தில் எஞ்சியிருந்த ஒரே சர்க்கரை ஆலை அதுவே. நீர் கிடைக்குமென்ற உறுதி இல்லாததால் கரும்புப் பரப்பு சுருங்கியது. ஆலைக்கு ஒரு குறைந்தபட்ச அரவை வேண்டும். அது கிடைக்காவிட்டால் கொதிகலனை மூட்டுவதே நஷ்டம். 2024 பிப்ரவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தனர். ஐந்நூறுக்குமேற்பட்டோர் வேலை இழந்தனர். பின்னால் பாக்கி நீர் வந்து சேர்ந்தாலும் மூடிய ஆலை திறவாது. பணக்கடனுக்கும் நீர்க்கடனுக்கும் உள்ள வேற்றுமை இது. பணத்துக்கு வட்டி சேர்த்து ஈடு செய்யலாம். பயிர் கருகியபின் வரும் நீருக்கு எந்த வட்டியும் ஈடாகாது.

2024 நவம்பரில் 331-ஆவது மினிட் கையெழுத்தாயிற்று. மெக்ஸிகோவுக்கே முழு உரிமையுள்ள ஸான் ஹுவான், ஆலமோ ஆறுகளின் நீரையும் கொடுத்துப் பாக்கியைக் குறைத்துக்கொள்ள அது வழிசெய்தது. எனினும் 2025 அக்டோபர் 24-இல் முடிந்த சுழற்சியில் எட்டு லட்சம் ஏக்கர்-அடிக்குமேல் பாக்கி நின்றது. இதற்கிடையே அமெரிக்கா வேறு ஆயுதங்களை எடுத்தது. 2025 மார்ச்சில், திஹுவானா நகருக்குக் கொலராடோ நீரைத் தனி வழியில் அனுப்பக் கேட்ட மெக்ஸிகோவின் வேண்டுகோளை மறுத்தது. 1944-க்குப் பின் இத்தகைய மறுப்பு அதுவே முதல் தடவை. ஏப்ரலில் ஜனாதிபதி டிரம்ப் சுங்கவரி விதிப்பதாக எச்சரித்தார். அம்மாதக் கடைசியில் மெக்ஸிகோ கொஞ்சம் நீர் தர ஒப்புக்கொண்டது. டிசம்பரில் ஐந்து சதவீத வரி என்று மறுபடியும் எச்சரிக்கை. சில நாட்களில் 2,02,000 ஏக்கர்-அடி, அதாவது ஏறக்குறைய 9 டி.எம்.சி. நீரைத் திறக்க ஒப்பந்தம்.

ஆக, மிரட்டினால் நீர் வருகிறதே என்று சிலர் கூறலாம். வந்தது உண்மைதான். ஆனால் திஹுவானா நகரத்துக் குடிநீர்க் குழாயோ, வேறு மாநிலத்து ஏற்றுமதியாளரோ கோன்சோஸ் நீரை எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். தண்டனை கடனாளியைத் தவறிப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் விழுகிறது. தவிர, தேக்கம் வறண்டிருக்கும்போது எந்த வரியாலும் மழையைப் பெய்விக்க முடியாது. கட்டாய நீதிமன்றம் இருந்தால் போதும் என்போரும் உளர். இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-இல் செய்துகொண்ட சிந்து நதி உடன்படிக்கையில் நிரந்தரக் கமிஷன், நடுநிலை நிபுணர், நடுவர் மன்றம் என்று மூன்று படிகள் உண்டு. 2025 ஏப்ரலில் இந்தியா அவ்வுடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. தன் விசாரணை அதிகாரம் இதனால் குறையவில்லை என ஜூன் மாதத்தில் நடுவர் மன்றம் கூறியது. அந்த மன்றம் அமைக்கப்பட்டதையே இந்தியா ஏற்கவில்லை. படிகள் எத்தனை இருந்தாலும், ஏறுவதற்கு இருவரும் இசையவேண்டும்.

ரியோ கிராண்டேக்குத் தேவையானவை, கொலராடோவில் ஏற்கெனவே செய்து பார்த்தவையே. ஐந்தாம் ஆண்டுக் கடைசியில் மொத்தத்தையும் கேட்பதற்குப் பதிலாக ஆண்டுதோறும் தவணை. தேக்கத்தில் இவ்வளவு நீர் குறைந்தால் இருவருக்கும் இவ்வளவு வெட்டு என்று முன்கூட்டிய அட்டவணை. கோன்சோஸ் வாய்க்கால்களுக்குக் காரையிட்டுக் கசிவைத் தடுத்து, மிஞ்சும் நீரைப் பாக்கியில் வரவு வைத்தல். அச்செலவில் ஒரு பங்கைக் கடைமடை நாடும் ஏற்றல். டெலிஸியாஸ் விவசாயி தன் மரங்களை இழக்காமல் தரக்கூடிய நீர் அந்தக் கசிவிலிருந்தே கிடைக்கவேண்டும். இவற்றை எழுதுவதற்குப் புதிய உடன்படிக்கை வேண்டியதில்லை. இன்னொரு மினிட் போதும். 2025 அக்டோபர் 25-இல் தொடங்கிய புதிய சுழற்சி, பழைய பாக்கியோடு சேர்ந்து, 2030 அக்டோபரில் கணக்குத் தீர்க்கப்படும்.